அட்டையைக் காட்டச் சொன்னால் குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவிலிருந்து இந்தியர்களைத் திருப்பி அனுப்புவது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை காப்பியோடு, இரண்டாம் முறை கோபத்தோடு. 2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் வந்திறங்கிய 104 பேரின் கைவிலங்கையும் கால் சங்கிலியையும் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் அங்கே எப்படிப் போனார்கள் என்பதற்கு ஒன்றரை வரி. ‘உரிய ஆவணங்கள் இன்றிச் சென்றவர்கள்’ என்று சொல்லிவிட்டுக் கட்டுரையாளர் அடுத்த பத்திக்கு ஓடிவிட்டார். எனக்கு அந்த ஒன்றரை வரிதான் உறுத்துகிறது.

நான் சென்னைத் துறைமுகத்தில் 31 ஆண்டுகள் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்குவதைப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணிக் குறிப்பது என் வேலை. அந்த 31 ஆண்டுகளில் வாசல் கதவில் அடையாள அட்டையைக் காட்டாமல் நான் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. முந்தின நாள் என் மகள் கல்யாணத்துக்கு வந்து இரண்டாவது முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்த காவலரே, மறுநாள் காலை என் முகத்தைப் பார்த்து “அட்டை” என்று கையை நீட்டினார். காட்டினேன். டிபன் கேரியரைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். எனக்கு அதில் எந்த அவமானமும் இல்லை. வெளிநாட்டு மாலுமிகளுக்கும் அப்படித்தான். கரையிறங்கச் சீட்டு வேண்டும், சொன்ன நேரத்துக்குள் திரும்ப வேண்டும். ஒரு ஆள் திரும்பவில்லை என்றால் கப்பல் ஏஜென்டுக்கு அன்றிரவு தூக்கம் கிடையாது. மனிதர்களைச் சரக்கு மூட்டைபோலப் பேசுகிறேன் என்று என் மகள் கோபித்துக்கொள்வாள். மூட்டையைக்கூட எண்ணித்தான் இறக்கினோம் என்பது என் பதில்.

கால் சங்கிலி எனக்கும் பிடிக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்குப் போனவனுக்கு எதற்குச் சங்கிலி? ஆனால் இது நேற்று முளைத்த கொடுமை என்று உங்கள் கட்டுரை எழுதியது தவறு. அந்த விமானம் வந்த மறுநாள் மாநிலங்களவையில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் ஆண்டுவாரியாகக் கணக்கு வாசித்தார். 2009இல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 734 பேர், 2019இல் 2,042 பேர். விலங்கிடும் நடைமுறை 2012 முதல் இருப்பது என்றும் அப்போதே சொன்னார். ஒபாமா அனுப்பியபோது அது வெறும் செய்தி, டிரம்ப் அனுப்பினால் மட்டும் கண்ணீரா? இந்தப் பிள்ளைகளின் நிலத்தை விற்க வைத்து, பணத்தை வாங்கிக்கொண்டு, பனாமாவின் டேரியன் காட்டுவழியாக நடக்கவிட்ட ஏஜென்ட் உங்கள் கட்டுரையில் எங்குமே வரவில்லை. என் தங்கை மகனும் வரவில்லை. அவன் அண்ணா சாலைத் தூதரக வாசலில் விடியற்காலையிலிருந்து கோப்போடு நின்று, விசா மறுக்கப்பட்டு வீட்டுக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுப் படுத்து, அடுத்த ஆண்டு மறுபடி போய் நின்றவன். வரிசையில் நின்றவனுக்கு ஏனோ யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

அந்த நாட்டில் லேக்கன் ரைலி என்ற 22 வயது நர்சிங் மாணவி 2024 பிப்ரவரியில் ஜார்ஜியா பல்கலைக்கழக வளாகத்தில் காலை ஓட்டத்துக்குப் போனபோது கொல்லப்பட்டார். கொன்றவன் 2022இல் எல்லை தாண்டி வந்த வெனிசுலாக்காரன். 2023இல் நியூயார்க்கில் ஒரு வழக்கில் பிடித்து விட்டுவிட்டார்கள். ஜார்ஜியாவுக்கு வந்து கடையில் திருடி மாட்டினான், மறுபடியும் விட்டுவிட்டார்கள். பிறகுதான் கொலை. திருட்டு போன்ற வழக்கில் சிக்கும் சட்டவிரோதக் குடியேறிகளைக் காவலில் வைத்தே ஆக வேண்டும் என்று 2025 ஜனவரியில் அந்தப் பெண்ணின் பெயரிலேயே சட்டம் வந்தது. இதைக் கொடுங்கோன்மை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பெண் உயிரோடு இருக்கும்போது வந்திருக்க வேண்டிய சட்டம். ஆனால் அதே டிரம்ப் அரசுதான், எல் சால்வடோருக்கு அனுப்பக் கூடாது என்று 2019இலேயே உத்தரவு பெற்றிருந்த கில்மர் ஆப்ரெகோ கார்சியாவை 2025 மார்ச்சில் அங்கேயே அனுப்பிவிட்டு, நிர்வாகத் தவறு என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. பட்டியலைச் சரிபார்க்காமல் இறக்கினால் இப்படித்தான் ஆகும். துறைமுகத்தில் இதற்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

அமெரிக்காவைப் பற்றி எனக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுப் பின்கட்டில் ஆறு அறைகள் இருக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

புதுவண்ணாரப்பேட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வரிசை அறைகள். முன்பெல்லாம் துறைமுகத்து ஆட்கள் குடியிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளப் பையன்கள். மணலி கிடங்குகளில் மூட்டை தூக்குகிறார்கள், மாதவரத்தில் லாரி ஏற்றுகிறார்கள். 2019இல் ஒரு பௌர்ணமி அன்று திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பிய என் மனைவியின் கழுத்திலிருந்து மூன்றரைச் சவரன் சங்கிலியை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போனார்கள். கீழே விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. அன்று மாலையே ஒரு தொலைக்காட்சியில் சிவப்புப் பட்டையில் செய்தி ஓடியது: ‘வடமாநிலக் கொள்ளையர் கைவரிசை’. யார் சொன்னார்கள்? என் மனைவி சொல்லவில்லை. தலைக்கவசம் போட்டிருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றுதான் சொன்னாள். ஆனாலும் தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் எங்கள் பின்கட்டைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அந்த வாரமே நான்கு பையன்களைக் காலி செய்யச் சொன்னேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். அவர்கள் வாதாடவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் ஸ்டவ்வை எடுத்துப் போக மறந்து, இரவு எட்டு மணிக்கு வந்து வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்று நான் சொல்லும்வரை வரவில்லை.

பதினோராவது நாள் திருடர்கள் பிடிபட்டார்கள். இருவரும் எங்கள் பக்கத்துப் பையன்கள். ஒருவனுடைய அம்மாவும் என் மனைவியும் ஒரே ரேஷன் கடையில் வரிசையில் நிற்பவர்கள். அந்தப் பையன் ஏற்கெனவே இரண்டு வழக்கில் ஜாமீனில் இருந்தவன். தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. போட்டானா, போடாதபோது யாராவது கேட்டார்களா என்று எந்தச் செய்தியிலும் இல்லை. அந்தத் தொலைக்காட்சியில் திருத்தம் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. நாளிதழ் ஒன்றில் ஏழாம் பக்கத்தில் நான்கு வரி வந்தது, அதிலும் ஊர்ப் பெயர் இல்லை. சங்கிலி திரும்பக் கிடைத்தபோது அரைச் சவரன் குறைந்திருந்தது. அது போகட்டும்.

அன்றைக்கு நான் செய்த தவறு வேறு ஒன்று என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. வேளச்சேரியில் 2012இல் வங்கிக் கொள்ளைச் சந்தேகத்தில் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, வாடகைக்கு இருப்பவர்களின் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று மாநகரக் காவல்துறை உத்தரவிட்டது. நான் கொடுக்கவில்லை. எங்கள் தெருவில் யாரும் கொடுக்கவில்லை. வாடகை வருமானம் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம், வேறென்ன? புகைப்படம், ஆதார் நகல், வேலை செய்யும் கிடங்கின் பெயர் என்று அந்த நான்கு பேரின் படிவமும் அங்கே இருந்திருந்தால், அன்று மாலை அவர்கள் மணலியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்ததை ஒரு மணி நேரத்தில் உறுதி செய்திருப்பார்கள். சிவப்புப் பட்டைச் செய்தியிலிருந்து அவர்களைக் காப்பாற்ற என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

உங்கள் பத்தி எழுத்தாளர்கள் பெயர், ஊர், அட்டை கேட்பதையே வெறுப்பு என்கிறார்கள். வெறுப்பவன் கேட்கவே மாட்டான். அவன் தொலைக்காட்சியைப் பார்த்து முடிவு செய்துகொள்வான், நான் செய்ததுபோல.

வெளியூர்க்காரன் என்பதே எனக்குப் பிரச்சினை இல்லை. என் தாத்தா செஞ்சிப் பக்கத்திலிருந்து பின்னி மில்லுக்கு வந்தவர். வியாசர்பாடியில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் போடுகிறவர்களின் பெற்றோர் பர்மாவிலிருந்து கப்பலில் வந்திறங்கியவர்கள். பீகாரிலிருந்து வருகிறவன் குடியேறியே அல்ல. இந்த நாட்டுக் குடிமகன், எங்கும் போக, எங்கும் வசிக்க அரசமைப்புச் சட்டம் அவனுக்கு உரிமை தந்திருக்கிறது. அவனையும் எல்லை தாண்டிப் போலி அட்டையோடு வருகிறவனையும் ஒரே ‘வடமாநிலத்தவர்’ என்ற சொல்லில் கட்டுவது உங்கள் நிருபர்கள்தான். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவியபோது, என் பின்கட்டில் ஒரே இரவில் ஆறு அம்மாக்கள் தொலைபேசியில் அழுதார்கள். பையன்கள் சென்ட்ரலில் டிக்கெட்டுக்கு நின்றார்கள். பொய் அந்தப் பக்கமிருந்து வந்தாலும் இந்தப் பக்கமிருந்து வந்தாலும் பாதிக்கப்படுவது ஒரே பையன்தான்.

உண்மையாகவே சட்டவிரோதமாக வந்தவர்கள் விஷயத்தில் எனக்குத் தயக்கம் இல்லை. 2025 தொடக்கத்தில் திருப்பூர்ப் பக்கம் வங்கதேசத்தவர்கள் கைதானார்கள். வழக்கு நடத்தி அனுப்பத்தான் வேண்டும். ஆனால் அவர்களை வேலைக்கு வைத்தவர் யார், அட்டை எடுத்துக் கொடுத்தவர் யார் என்ற கேள்விக்கு நான் இன்றுவரை எந்த நாளிதழிலும் பதில் படிக்கவில்லை. 1979ஆம் ஆண்டுச் சட்டமே வெளிமாநிலத் தொழிலாளர் ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்தால் ஒப்பந்ததாரருக்கு உரிமம், தொழிலாளிக்குப் புகைப்படம் ஒட்டிய கையேடு என்று சொன்னது. என் பின்கட்டில் இத்தனை ஆண்டுகளில் அப்படி ஒரு கையேட்டை நான் கண்ணால் பார்த்ததில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடப்பில் இருக்கிறது. கடவுச்சீட்டு, விசா இல்லாமல் நுழைந்தால் ஐந்து ஆண்டுவரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதம். கடுமையான சட்டம் என்று உங்கள் தலையங்கம் வருந்தியது. சரிதான். ஆனால் 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு அதன் தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்ததைத் தலையங்கம் சொல்லாமல் விட்டது. புழல் முகாமிலும் கும்மிடிப்பூண்டி முகாமிலும் ஆண்டுக்கணக்காக வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள். அவர்களுக்குக் குடியுரிமையே கொடுக்கலாம் என்பது என் கருத்து. பதிவேட்டில் பெயர் இருந்ததுதான் அவர்களுக்கு உதவியது.

சென்ற மாதம் மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்து ஒரு பையன் அறை கேட்டு வந்தான். பிரியாணிக் கடையில் வேலை. நான் வாயைத் திறக்கும் முன்பே தகரப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான். ஆதார், வாக்காளர் அட்டை, பள்ளிச் சான்றிதழ், கடைசியில் அவன் தாத்தாவின் நிலப் பத்திர நகல். மடிப்புகளில் கிழிந்து, கண்ணாடித் தாள் ஒட்டி, வங்காள எழுத்தில் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அவன் விரல் வைத்துத் தாத்தாவின் பெயரைக் காட்டினான். “இது எதற்கப்பா?” என்றேன். “எல்லோரும் வங்கதேசமா என்று கேட்கிறார்கள், அங்கிள்” என்றான் உடைந்த தமிழில். கேட்டேன், காட்டினான், சாவியைக் கொடுத்தேன்.

அவனையும் சேர்த்து ஆறு படிவங்களை எடுத்துக்கொண்டு போன செவ்வாய்க்கிழமை காவல் நிலையத்துக்குப் போனேன். எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன், நான் இங்கேதான் குடியிருக்க வேண்டும். மேசையில் இருந்தவர் படிவங்களைப் பார்க்காமலே, அலமாரிமேல் சணல் கயிறு கட்டிய ஒரு கட்டின்மேல் வைத்துவிட்டு, “சரி, போய் வாருங்கள் பெரியவரே” என்றார். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டேன். துறைமுகப் பழக்கம். சிரித்தார்.

உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, அந்தக் கட்டுகளை எப்போதாவது யாராவது அவிழ்த்துப் பார்க்கிறார்களா என்று வடசென்னையின் நிலையங்களில் கேட்டு எழுதச் சொல்லுங்கள். என் படிவங்களை அடையாளம் காண்பது சுலபம். மேலே இருப்பதில், உங்கள் ஞாயிறு இதழைப் படித்த அன்று நான் சிந்திய காப்பிக் கறை இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டாலி கிளார்க்,
புதுவண்ணாரப்பேட்டை, சென்னை - 81.
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.)