விழுந்த விமானத்துக்கும் ஓர் இடம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மேற்கு லண்டன் ஹேய்ஸ் வட்டாரத்தில் வாழும் நாங்கள் சிலர் கூடி, எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி மண்டபத்துக்காக இரண்டு விமான மாதிரிகளைச் செய்து வருகிறோம். இரண்டும் கால்பங்கு அளவில் அமையும் இரட்டை இறக்கை விமானங்கள். ஒன்று, பின்னாளில் 'சுவோர்ட்ஃபிஷ்' என்று பெயர் பெற்ற போர்விமானத்தின் முன்மாதிரி. மற்றது அதற்கும் முந்தையது. சோதனையில் விழுந்து அழிந்தது.

ஃபேரி நிறுவனத்தின் தொழிற்சாலை இதே ஹேய்ஸில்தான் இருந்தது. கப்பலிலிருந்து பறந்து டார்பிடோ என்ற நீரடிக் குண்டை வீசவும் கடலை வேவு பார்க்கவும் ஏற்ற விமானத்தை, அரசின் ஆர்டருக்குக் காத்திராமல் அந்நிறுவனம் தன் சொந்தச் செலவில் கட்டியது. வடிவமைத்தவர் பெல்ஜியம் நாட்டு மார்செல் லோபெல். 'டி.எஸ்.ஆர். 1' என்ற அவ்விமானம் 1933 மார்ச் 21 அன்று முதன்முதலாகப் பறந்தது. பறந்த திடல் இன்று ஹீத்ரோ விமான நிலையத்துக்குள் மறைந்துவிட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில், சோதனை விமானி கிறிஸ் ஸ்டானிலாந்து அதை வேண்டுமென்றே சுழலவிட்டுப் பார்த்தார். மூக்கு கீழே குத்திச் சுழன்றால் மீட்டுவிடலாம். இதுவோ படுக்கைவாட்டில், பம்பரம்போலச் சுழலத் தொடங்கியது. அந்த நிலையில் வால் சுக்கானுக்குப் போதிய காற்று கிடைப்பதில்லை. விமானி சுக்கானை இயக்கும் மிதிகளை எவ்வளவு மிதித்தாலும் பயன் இல்லை. ஸ்டானிலாந்து வெளியே குதிக்க முயன்றபோது, சுழற்சியின் வேகம் அவரைப் பின் இருக்கைக் குழிக்குள்ளேயே தள்ளியது. மறுபடியும் முயன்று, பாராசூட்டில் உயிர் தப்பினார்.

ஃபேரி பொறியாளர்கள் முயற்சியைக் கைவிடவில்லை. இந்தச் சுழற்சிக் குறையைத் தீர்க்க உடற்பகுதியை நீட்டினார்கள். அதனால் எடை பின்னோக்கி நகர்ந்தது. அதை ஈடுகட்ட மேல் இறக்கையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்தார்கள். 1934 ஏப்ரல் 17 அன்று 'டி.எஸ்.ஆர். 2' பறந்தது. அதுவே சுவோர்ட்ஃபிஷின் முன்மாதிரி. 1940இல் டாரன்டோ துறைமுகத்தில் இத்தாலியப் போர்க்கப்பல்களை முடக்கியதும், 1941இல் ஜெர்மானியப் போர்க்கப்பல் பிஸ்மார்க்கின் சுக்கானைச் செயலிழக்கச் செய்ததும் அதன் வழிவந்த விமானங்களே.

எங்களில் திருகோணமலைக்காரர்களுக்கு இந்த விமானம் இன்னும் நெருக்கமானது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று, திருகோணமலையின் சீனன்குடாவிலிருந்து கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானைக்குப் பறந்த ஆறு சுவோர்ட்ஃபிஷ் விமானங்களை ஜப்பானியப் போர்விமானங்கள் சுட்டு வீழ்த்தின. அவற்றில் சென்றவர்களை நினைவுகூரும் சிறு பலகை ஒன்றும் மாதிரிகளுக்கு அருகில் இருக்கும்.

சுவோர்ட்ஃபிஷை இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். விழுந்த அண்ணனைப் பார்க்க முடியாது. இரண்டையும் அருகருகே வைத்தால்தான், எந்த இடத்தை ஏன் மாற்றினார்கள் என்பதைப் பிள்ளைகள் விரலால் தொட்டே அறிய முடியும். ஒன்றை மட்டும் செய்தால் செலவு பாதியாகும் என்றார்கள் சிலர். குழு அதற்கு உடன்படவில்லை.

இதுவரை ஓர் இறக்கையின் விலாக்கட்டைகள், அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் மரச் சட்டங்கள், முடிந்திருக்கின்றன. அவற்றின் மேல் லினன் துணியைத் தைத்து, துணியை இறுக்கும் 'டோப்' என்ற பூச்சைப் பூசினோம். தொளதொளவென்று கிடந்த துணி, காயக் காயப் பறைத்தோல்போல இறுகியது. ஒரு சிறுமி அதைத் தட்டிப் பார்த்து, ஓசை கேட்டுத் தன் தம்பியையும் அழைத்து வந்தாள்.

இறக்கை விரித்தால் அகலம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். 'டி.எஸ்.ஆர். 2' மாதிரியின் இறக்கைகளை, கப்பலில் மடித்தது போலவே மடிக்கலாம். அப்போது ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று மேல்தான்.

மொத்தச் செலவு 7,500 பவுண். கையில் இருப்பது 2,100. ஒரு விலாக்கட்டைக்கு 25 பவுண் ஆகும்; கொடுப்பவர் விரும்பினால், துணி போர்த்துவதற்கு முன் அதன் மேல் தம் கையால் பெயர் எழுதலாம். பணம் இயலாதவர்கள் ஸ்ப்ரூஸ் என்ற இலேசான மரத்தின் பலகை, லினன் துணி, தச்சுக் கருவிகள் தரலாம். தைக்கத் தெரிந்தவர்களின் இரண்டு மணி நேரமும் எங்களுக்குப் பெரிய உதவி.

நன்கொடையைச் சனிக்கிழமைகளில் பள்ளி வாயிலில் பொருளாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு ஒவ்வொரு மாதமும் மண்டப அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
விமான மாதிரிக் குழுவினர்