ஆறு மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

ஆய்வேட்டை ஒப்படைப்பது ஆறு மாதம் தள்ளிப்போகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஏரிப்பாசன ஆய்வுக்காக நான்கு ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்த பிள்ளை நீ. நம் குடும்பத்தில் முனைவர் பட்டம் வரை போன முதல் ஆள் என்று நான் சொல்லாத வீடு நம் தெருவில் இல்லை. ஆனாலும் பொங்கலுக்கு வராததற்கு எனக்கு ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

ஓய்வு பெற்றவனுக்குப் படிக்க நேரம் நிறைய. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளை இரண்டு முறை படித்தேன். வெறும் தண்டனைப் பட்டியலாக இருக்கும் என்று எண்ணித்தான் எடுத்தேன். பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்தி மீண்டும் ஒப்படைக்க வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய படியை ஒப்படைக்க முடியாது. அதையும் தாண்டினால்தான் பதிவு ரத்தாகிறது. முறைப்படி காட்டிய மேற்கோளும் நூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. தவறு ஐயமின்றி நிறுவப்பட்டு, மேல்முறையீட்டு வழிகள் முடிந்து, மாணவர் தம் பக்கத்தை எடுத்துச் சொல்லப் போதிய வாய்ப்பும் பெற்ற பிறகே தண்டனை என்று எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு பருவத்திலும் இதைக் குறித்து மாணவர்களுக்குச் சொல்லித்தரும் பொறுப்பையும் நிறுவனத்தின் மேலேயே வைத்திருக்கிறார்கள். விட்ட இடத்தை அந்த மாணவரைக் கொண்டே சரியாக எழுதவைப்பதற்குத்தான் அந்த ஆறு மாதம் என்று எனக்குப் பட்டது.

எதற்கும் ஒன்று சொல்கிறேன். எதைப் படித்தாலும், படிக்கும்போதே நூலின் பெயரையும் பக்க எண்ணையும் ஓரத்தில் எழுதிக்கொள். யாரேனும் கூப்பிட்டு விசாரித்தால் உள்ளதை உள்ளபடி சொல். முன்னாய்வுகளைத் தொகுக்கும் இயலில் எது அவர்கள் சொன்னது, எது நீ சொல்வது என்பது பிறகு பிரித்தெடுக்க முடியாமல் கலந்துவிடும். ஆகவே பக்க எண்ணை அப்போதே எழுதிக்கொள்.

அரையாண்டுத் தேர்வில் பிட் வைத்திருந்த பையனை நான் பிடித்த கதையை நீ சிறு வயதில் பலமுறை கேட்டிருக்கிறாய். வந்தவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகத்தான் சொன்னேன். சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். அது சட்டைக் கை மடிப்பில் இருந்த, பேருந்துப் பயணச்சீட்டு அளவுத் தாள். பிதாகரஸ் தேற்றத்தை எறும்பு எழுத்தில் எழுதியிருந்தான். மூன்றாவது வரியில் கர்ணத்துக்குப் பதிலாக வேறு பக்கத்தை எழுதியிருந்தான். பார்த்து எழுதும்போதே அந்தப் பிழை. அவனுக்கு எது புரியவில்லை என்பது அந்தத் தாளிலேயே இருந்தது. கணக்கு ஆசிரியனான நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் அந்தத் தாளை உயர்த்திக் காட்டினேன். ஏன் எழுதினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் தகப்பனார் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வராந்தாவில் மதியம் வரை நின்றார். மாற்றுச் சான்றிதழில் ஒழுக்கமும் பண்பும் என்ற இடத்தில், எல்லோருக்கும் எழுதும் 'நன்று' என்ற சொல்லை எழுதாமல் ஒரு கோடு இழுத்தேன். பிறகு அவன் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. அந்தத் தேற்றத்தைச் சொல்லித்தர எனக்கு அரை மணி நேரம் போதும்.

அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தன் சிக்கலை இந்த அப்பாவிடம் எப்படிச் சொல்வாள் என்று சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் நான் எதையும் கேட்கவில்லை. நீ எழுதாமலிருப்பதற்கு உன்னை இனிமேல் குறை சொல்லவும் மாட்டேன்.

நீ கள ஆய்வுக்குக் கொண்டுபோன குறிப்பேடுகள் பதினொன்றும் பரண்மேல் இருந்தன. இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். சிலவற்றில் பக்க எண் இருக்கிறது, பலவற்றில் இல்லை. தபாலில் அனுப்பட்டுமா? திருத்தி எழுதும் இயலின் ஒரு படியை எனக்கும் அனுப்பு. ஒவ்வொரு மேற்கோளையும் மூல நூலோடு ஒப்பிட்டுப் பார்க்க என் கண் இன்னும் நன்றாக இருக்கிறது.

அன்புடன்,
அப்பா