நாற்காலிக் காலில் டென்னிஸ் பந்து

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீ, மதினி, பிள்ளைகள் எல்லாரும் நலம்தானே? தடைக்காலம் முடிய இன்னும் ஒரு வாரம்தான். ஜூன் 15 பிறந்துவிட்டால் நீ போட்டில் ஏறிவிடுவாய், அப்புறம் உன்னைப் பிடிக்க முடியாது. போனில் பேசினால் "சரி சரி, பார்ப்போம்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேப்பரில் எழுதி, படம் எடுத்து மதினி போனுக்கு அனுப்புகிறேன். அவர் வாசிக்க, நீ முழுசாகக் கேள்.

விஷயம் நம்ம சின்னவனைப் பற்றியது. "காது கேட்காத பிள்ளை பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறான்" என்று போன வாரம் கேட்டாயே, அது எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் இங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போவது உனக்குத் தெரியும். முதல் நாள் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்த சில பிள்ளைகள் கையில் கலர் பட்டை கட்டியிருந்தார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பள்ளிப் பிள்ளை கையில் கலர் கயிறு என்றால் நமக்கு வேறென்ன தோன்றும்? இந்த ஊரிலுமா என்று நினைத்துவிட்டேன். கூட வேலை பார்க்கும் பங்களாதேஷ் அக்காதான் விளக்கினார். சிவப்பு என்றால் கடலையோ முட்டையோ ஒத்துக்கொள்ளாத பிள்ளை. பச்சை சைவம். மஞ்சள் ஹலால். பரிமாறுகிறவள் கை தவறிவிடக் கூடாது என்பதற்காகக் கட்டிவிடுகிறார்கள். அடுத்த வருஷமே, 2024ல், நம்ம ஊர்ப் பள்ளிகளில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்று நீதியரசர் சந்துரு குழு சொன்னதைச் செய்தியில் பார்த்தேன். அன்றைக்கு நான் பயந்தது நினைவுக்கு வந்தது.

எல்லாவற்றிலும் இவர்கள்தான் முந்தி என்று நினைத்துவிடாதே. லண்டனில் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் இலவச மதியச் சாப்பாடு வந்தது 2023 செப்டம்பரில்தான். எம்ஜிஆர் 1982லேயே சத்துணவு போட்டுவிட்டார் என்று சொன்னேன், யாரும் நம்பவில்லை.

இப்போது சின்னவன் கதைக்கு வருகிறேன். இங்கே மூன்றாம் வகுப்பில் ஒரு சோமாலியப் பெண். இரண்டு காதிலும் கருவி. ஒருநாள் அந்த வகுப்புக்கு உதவிக்கு ஆள் இல்லை என்று என்னை அனுப்பினார்கள். உள்ளே போனதும் கண்ணில் பட்டது நாற்காலிகள்தான். ஒவ்வொரு காலிலும் ஒரு பழைய டென்னிஸ் பந்து, கீறிச் சொருகியிருந்தது. விளையாட்டுக்குச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லையாம். காதுக் கருவி பேச்சை மட்டும் பெரிதாக்காது, எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். முப்பது நாற்காலி தரையில் கிறீச்சிட்டால் அந்தப் பிள்ளை காதில் விசைப்படகு இன்ஜினை வைத்த மாதிரி இருக்கும். டீச்சர் கழுத்தில் சின்ன மைக் தொங்கியது. அவர் குரல் நேரே கருவிக்குப் போய்விடும். வேறு பிள்ளை பதில் சொல்லும்போது மைக்கைக் கழற்றி அதன் கையில் கொடுக்கிறார். பலகையைப் பார்த்துக்கொண்டு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுதுவார், திரும்புவார், அந்தப் பெண் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். அவள் உதட்டைப் படிக்க வேண்டுமே.

அன்றைக்கு எனக்கு நம்ம கடைசி பெஞ்சு ஞாபகம் வந்தது. அம்மா விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் பாசி எடுத்துவிட்டு வந்து, அந்தக் கையாலேயே நமக்குத் தலை சீவிவிடும். பாசி வாடை அடிக்கிறது என்று உன்னையும் என்னையும் பின்னால் அனுப்பினார்களே. ராமேசுவரத்தில் சின்ன வயசுக் கலாமைப் பின்னால் உட்காரச் சொன்னபோது, கூடப் படித்த பையனின் அப்பா லட்சுமண சாஸ்திரி ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். நமக்காகக் கேட்க யாரும் வரவில்லை. நீ ஏழாம் வகுப்போடு வத்தைப் படகில் ஏறிவிட்டாய். அந்த வாத்தியார்மேல் எனக்குக் கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய்.

இங்கே இதற்கெல்லாம் 2010ல் வந்த சமத்துவச் சட்டம் இருக்கிறது. இனம், மதம், உடல் குறை, ஆண், பெண் என்று ஒன்பது காரணங்களைச் சொல்லி, இவற்றால் யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. எனக்கும் அரை நாள் பயிற்சி கொடுத்தார்கள். பட்டியலில் சாதி இருக்கிறதா என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இல்லை. சேர்க்கச் சொல்லிப் பல வருஷம் வாக்குவாதம் நடந்து, தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை என்று 2018ல் அரசு முடித்துவிட்டது. ஆனால் பள்ளி வாசலில் நிற்கும் நம்ம ஆள் ஒருவர் "எந்த ஊர், எந்தத் தெரு" என்று என்னிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். பாம்பன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சட்டம் இருந்தால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்றும் இல்லை. குறை உள்ள பிள்ளைக்குப் பள்ளியில் என்னென்ன உதவி வேண்டும் என்று எழுதித் தரும் உதவித் திட்டத்தை 20 வாரத்தில் முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது இங்கே விதி. அந்தச் சோமாலியப் பெண்ணின் அம்மா அதற்கு மேலும் நடையாய் நடந்துதான் வாங்கினார்.

அங்கேயும் சட்டம் இருக்கிறது, அண்ணே. 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறை உள்ள பிள்ளைக்கு 6 வயசிலிருந்து 18 வயசு வரை இலவசக் கல்வி உரிமை உண்டு, பக்கத்துப் பள்ளியானாலும் சரி, சிறப்புப் பள்ளியானாலும் சரி. நீ செய்ய வேண்டியது, சின்னவனைக் கூட்டிக்கொண்டு பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்குப் போவது. சிறப்பாசிரியர் யார், மருத்துவ முகாம் எப்போது என்று கேள். அடையாள அட்டைக்கும் காதுக் கருவிக்கும் அங்கேயே வழி சொல்வார்கள். போட்டு இன்ஜின் சத்தத்துக்கு அவன் திரும்பிப் பார்க்கிறான் என்று மதினி சொன்னாரே. அப்படியானால் கொஞ்சம் கேட்கிறது போல. கருவி மாட்டினால் பலன் இருக்கலாம்.

கடலுக்குப் போகிற அவசரம் என்றால் மதினியையாவது அனுப்பு. டீச்சரிடம் இரண்டே விஷயம் சொல்லச் சொல். முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும், கடகடவென்று ஓடும் ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம். டீச்சர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் இருட்டாகத் தெரியும், அதையும் பக்குவமாகச் சொல்லச் சொல். சரி, மூன்றாகிவிட்டது.

பந்து அனுப்பட்டுமா என்று யோசித்தேன். நம்ம ஊர் வகுப்பில் பிள்ளைகள் தரையில்தானே உட்காருகிறார்கள், தேவைப்படாது. பதிலாக அவனுக்கு ஒரு பை வாங்கி வைத்திருக்கிறேன், நீல நிறம். ஊருக்கு வரும் ஆளிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புத் தங்கை