போரா கதை சொன்ன பெரியவருக்கும், உங்கள் எல்லோருக்கும்

நேற்று சாயங்காலம் பையனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பதெல்லாம் உங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும், அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. கால் தப்பித்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போதைக்கு எனக்கு அது போதும்.

அர்த்தராத்திரியில் போன் போட்டதும் ரத்தம் கொடுக்க ஓடி வந்த பசங்க, சின்னவளைத் தன் வீட்டிலேயே வைத்துத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பிய எதிர்வீட்டு அக்கா, நான் கேட்காமலேயே என் வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட ஆபீஸ் தோழிகள், மஸ்கட்டில் கையில் இருந்ததைப் போட்டு என் வீட்டுக்காரருக்கு டிக்கெட் எடுத்துக்கொடுத்த அவருடைய ரூம்காரர்கள், பி.டி. மாஸ்டர், நைட் டியூட்டி சிஸ்டர்கள், வார்டைப் பெருக்கிய அம்மா. பேர் பேராகச் சொன்னால் யாரையாவது விட்டுவிடுவேன். எல்லோருக்கும் கை கூப்புகிறேன்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்ததே பக்கத்துக் கட்டில் பெரியவருக்காகத்தான். ஐயா வியாசர்பாடிக்காரர், பேரனுக்குத் துணையாக வந்திருந்தார். அவருக்கே ஆயிரம் கவலை. என் பையன் அப்போது யாரோடும் பேசுவதில்லை, சுவரைப் பார்த்தே படுத்திருப்பான். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "அடுத்த மாசமே கிரவுண்டுக்குப் போயிடுவே பாரு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அன்பில் சொன்னதுதான், தப்பு சொல்ல மாட்டேன், ஆனால் அது நடக்காது என்று பதிமூன்று வயசுப் பிள்ளைக்குத் தெரியாதா? ஐயா அப்படி எதுவும் சொல்லவில்லை. "தம்பி, ஃபுட்பால்ல எந்த இடத்துல ஆடுவே?" என்று மட்டும் கேட்டார். "கீப்பர்" என்றான். ரொம்ப நேரத்துக்கு அப்புறம் அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். "சரி, அப்போ உனக்கு போரா கதையைச் சொல்லணும்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

போரா மிலுட்டினோவிச். அதற்கு முன்னால் நான் அந்தப் பேரைக் கேட்டதே இல்லை. 1944-இல் யுகோஸ்லாவியாவில் பிறந்தவர், சின்ன வயசிலேயே அப்பா அம்மாவை இழந்தவர். அண்ணன் தம்பி மூன்று பேரும் கால்பந்தாட்டக்காரர்கள். இவர் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று ஆடி, கடைசியில் மெக்சிகோவுக்குப் போய், அங்கேயே பயிற்சியாளர் ஆனவர். 1986 முதல் 2002 வரை வரிசையாக ஐந்து உலகக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நாட்டு அணி: மெக்சிகோ, கோஸ்டாரிகா, அமெரிக்கா, நைஜீரியா, சீனா. இதில் முதல் நான்கையும் முதல் சுற்றைத் தாண்ட வைத்திருக்கிறார். ஐயா ராத்திரிக்கு ஒரு நாடு என்று வைத்துக்கொண்டார். எட்டு மணி ஊசிக்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பிப்பார், ஊசி போட்டு முடித்த பிறகும் கதை ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஊசி எப்படி வலிக்கும் என்று அந்த வார்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். நேரத்தை அப்படிக் கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார் என்பது எனக்கே பிறகுதான் புரிந்தது.

ஊசி மருந்து பாட்டில்களின் மேல் பிளாஸ்டிக் மூடி இருக்கும் இல்லையா, நீலம், சிவப்பு, பச்சை என்று. சிஸ்டரிடம் சொல்லி அதைச் சேர்த்து வைத்தார். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்தால் மைதானம், மூடிகள்தான் ஆட்டக்காரர்கள். கோஸ்டாரிகா கதைக்கு மட்டும் பதினோரு மூடியிலும் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, பேனாவால் ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடு போட்டார். கை லேசாக நடுங்கும் அவருக்கு, கோடு வளைந்தால் பிளாஸ்டரைப் பிய்த்துவிட்டுத் திரும்ப ஒட்டுவார். 1990-இல் இத்தாலியில், துரின் நகரத்தில் பிரேசிலோடு ஆட்டம். அது யுவென்டஸ் கிளப்பின் ஊர், அவர்கள் சட்டையும் கறுப்பு வெள்ளைக் கோடுதான். அன்றைக்கு கோஸ்டாரிகா அதே மாதிரி சட்டையில் இறங்கியது, ஊர் ஜனம் நம்ம பக்கம் கத்தட்டும் என்று போரா போட்ட கணக்கு அது என்றார் ஐயா. அவர்களுக்கு அதுதான் முதல் உலகக் கோப்பை, போரா பொறுப்பேற்றதே சில மாதங்களுக்கு முன்னால்தான். ஸ்காட்லாந்தை 1-0, ஸ்வீடனை 2-1 என்று ஜெயித்தார்கள். பிரேசிலிடம் ஒரே ஒரு கோலில்தான் தோற்றார்கள், காரணம் கீப்பர் கபெலோ கோனெஹோ. பையன் அன்றைக்குத்தான் முதல்முறையாக முதுகுக்குத் தலையணை வைக்கச் சொல்லி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அப்புறம் ஐயா சொன்னதைக் கேட்டு எனக்குப் பகீர் என்றது. அடுத்த சுற்று ஆட்டத்துக்கு அந்த கீப்பர் அடிபட்டு இறங்க முடியவில்லை, செக்கோஸ்லோவாகியா நான்கு கோல் போட்டு வெளியே அனுப்பிவிட்டது என்று அப்படியே சொல்லிவிட்டார். இதை ஏன் இந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்று நான் தவித்துப்போனேன். பையன் கேட்டான், "அப்புறம் அந்த கீப்பர் என்ன ஆனார் தாத்தா?" "ஸ்பெயினுக்குப் போனாரு. அல்பசெட்டேன்னு ஒரு கிளப், அங்க போய் ஆடினாரு." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை புத்திமதி கிடையாது. பையன் அந்த மூடியை ராத்திரி முழுக்கக் கையிலேயே வைத்திருந்தான்.

எல்லா நாட்டுக்கும் அப்படித்தான் சொன்னார். 1994-இல் அமெரிக்காவில் முதல்நிலை லீக் என்று ஒன்றுகூட கிடையாது, அந்தப் பிள்ளைகளை கலிஃபோர்னியாவில் ஓர் இடத்தில் தங்க வைத்துப் பழக்கி, கொலம்பியாவை 2-1 என்று ஜெயித்தார் போரா. நைஜீரியா ஸ்பெயினை 3-2 என்று சாய்த்த கதையை விசிலோடு சொன்னார், அதே நைஜீரியா டென்மார்க்கிடம் 4-1 என்று தோற்றதையும் விடவில்லை. சீனா மூன்று ஆட்டமும் தோற்றது, ஒரு கோல்கூடப் போடவில்லை. "ஒண்ணுகூடவா தாத்தா?" "ஒண்ணுகூட இல்ல. ஆனா அவங்க ஆம்பளைங்க டீம் உலகக் கோப்பைக்குப் போனதே அந்த ஒரு தடவைதான்."

இதற்கு நடுவில் பையன் வேறொன்றும் கேட்டான். இப்படி நாடு நாடாகப் போகிறவருக்கு வீடு எது என்று. அவன் அப்பா குவைத், கத்தார், இப்போது மஸ்கட் என்று இருப்பவர், அதனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஐயாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வேலை இருக்கிற இடத்துக்குப் போறாருப்பா, வீட்டை விட்டுட்டா போறாரு" என்றார். இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்காரர் வந்து நின்றபோது பையன் அழவில்லை, கோபப்படவில்லை, "அப்பா, உனக்கு போரா தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டான். மூடிகளை அடுக்கி, ஆட்டத்தை நடத்திக் காட்டி, அப்பாவை பிரேசிலாக உட்கார வைத்து.

நான் யோசித்துப் பார்க்கிறேன். நாங்கள் எல்லோரும் அவனுக்கு நம்பிக்கை கொடுக்கப் பார்த்தோம். ஐயா அவனை ஓர் ஆட்டக்காரனாக மதித்துப் பேசினார். நிலைமை இது, ஆள் இவ்வளவுதான், நாள் குறைவு, இதை வைத்து என்ன செய்யலாம் என்பதுதான் அந்தக் கதை முழுக்க. இப்போது பிசியோதெரபிக்கு வருபவரிடம் பையனே கேட்கிறான், இன்றைக்கு எந்தத் தசைக்கு வேலை, எத்தனை முறை என்று.

அவன் மறுபடி கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்பானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நிற்கக் கூடாது என்று மட்டும் இனி என் வாயிலிருந்து வராது. முன்பெல்லாம் "பந்து சோறு போடுமா" என்று கேட்ட அம்மா இல்லை நான். அவனை மைதானத்துக்குக் கூட்டிப்போவேன், ஆட முடியாவிட்டால் ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்போம். ரத்தம் கொடுக்கும் பட்டியலில் என் பேரையும் எழுதிவிட்டேன்.

ஐயா, உங்கள் பேரனுக்கு அடுத்த வாரம் தையல் பிரிக்கிறார்கள் என்று சிஸ்டர் சொன்னார்கள். அன்றைக்கு நான் வந்து கூட இருக்கிறேன், நீங்கள் கொஞ்ச நேரம் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத் தூங்கிவிட்டு வாருங்கள். பிள்ளை தேறியதும் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வர வேண்டும். ஹோண்டுராஸ், ஜமைக்கா, ஈராக் மூன்றும் பாக்கி இருக்கிறதாம், பையன் சொல்லச் சொன்னான்.