பாண்டிக்கு முட்டி போய்விட்டது

மாப்ள,

வீட்டில் எல்லோரும் நலம். சங்கதி பாண்டியைப் பற்றியது. அவனுக்கு இடது முட்டியில் ஏசிஎல் என்கிற ஜவ்வு அறுந்துவிட்டது.

கால்பந்து ஆடும்போது யாரும் இடிக்கவில்லை. பந்துகூட அவன் காலில் இல்லை. ஓடி வந்தவன் காலை ஊன்றிச் சட்டென்று திரும்பினான், 'டப்'பென்று கேட்டது. சாயங்காலத்துக்குள் முட்டி தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. அத்தை எண்ணெய்க்கட்டுப் போடக் கூட்டிப்போனார். வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டது என்று வண்டியை எடுத்தான். அப்புறம் மாடிப்படி இறங்கும்போது முட்டி தானாக மடங்கியது. ஸ்கேனில்தான் தெரிந்தது. தொடையிலிருந்து தசைநாரை எடுத்து உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பந்தைத் தொட ஒன்பது மாதமாவது ஆகுமாம்.

பந்து கிடக்கட்டும். அது கிளட்ச் மிதிக்கிற கால், மாப்ள. 2023 அக்டோபரில் பிரேசில் வீரர் நெய்மருக்கு அறுந்ததும் இதே ஏசிஎல்தான். அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு படையே இருந்தது. பாண்டிக்கு லோடு ஏற்றினால்தான் காசு.

நம் செட்டில் கரண்டை பிசகாத ஆள் யார் சொல்? சேகருக்கு மூன்று வருஷமாக அதே கரண்டைதான் பிசகுகிறது. ஒருமுறை அடிபட்ட இடம் முழுசாகத் தேறுமுன் இறங்கினால் அப்படித்தான். வாரம் பூராவும் கல்லாவில் உட்கார்ந்துவிட்டு, ஞாயிறு விடியலில் பைக்கை நிறுத்தியதும் நேரே மேட்ச். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் வெறுங்காலில் ஆடிய வயசா இப்போது?

அடிபடாமல் இருக்க, ஆடுமுன் செய்கிற ஃபிஃபாவின் '11 பிளஸ்' பயிற்சிக்கு இருபது நிமிஷம் போதும். மெதுவோட்டம், ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து முட்டியை உள்ளே சாய விடாமல் இறங்குவது. முழங்காலிட்டு நிற்க, ஒருத்தன் கரண்டையைப் பிடித்துக்கொள்ள, முதுகை வளைக்காமல் முன்னால் மெல்லச் சாய்வது ஒன்று. தொடையின் பின்பக்கம் இழுத்துப் பிடிக்காமல் காப்பது அதுதான். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் அணிகளில் இதைச் செய்து பார்த்தபோது, மொத்தக் காயங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆய்வு 2008இல் வந்தது. சொன்னால் சேகர், "நாம என்ன உலகக் கோப்பையா ஆடப் போறோம்?" என்கிறான். எனக்குக் கோபமாக வருகிறது. உலகக் கோப்பை ஆடுகிறவனே வார்ம்-அப் செய்யாமல் இறங்குவதில்லை, நமக்கென்ன?

சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது ஆடணும் என்றாயே, இன்றைக்கே ஆரம்பி. அந்தத் தொப்பையோடு நேரே இறங்கினால் நானே வெளியே அனுப்பிவிடுவேன்.

பாண்டிக்குப் போன் போடு. எப்போது ஆட வருவாய் என்று மட்டும் கேட்காதே. திருமங்கலத்தில் உன் சித்தப்பா மகன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தானே, சும்மா இருந்தால் சொல். வண்டி நிற்கிறது, மாதத் தவணை நிற்காது.

முத்து