இடது கண் வெள்ளை, வலது கண் வெள்ளை

உறையூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. வலது கண்ணில் புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. தலைக்குக் குளிக்க அவசரப்படாதே. அடுப்படியில் தாளிப்பதை மருமகள் பார்த்துக்கொள்ளட்டும், நீ கொஞ்ச நாள் எட்டியே இரு.

உன் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் மனதில் நின்றன. "நீ ஊர் ஊராகப் போகிறாய், உனக்குப் படம் கிடைக்கிறது. நான் நாலு சுவருக்குள் உட்கார்ந்திருக்கிறேன், எதை வரைவது?" என்று கேட்டிருந்தாய். அது ஒன்று. இன்னொன்றை நீ போகிற போக்கில் எழுதியிருந்தாய். கட்டுப் பிரித்த அன்று வலது கண்ணால் பார்த்தால் சுவர் பளிச்சென்று, லேசாக நீலம் பூத்த மாதிரி இருந்தது, இடது கண்ணால் பார்த்தால் அதே சுவர் பழைய நியூஸ் பேப்பர் மாதிரி இருந்தது என்று. முதல் கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மனசு இரண்டாவதையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஊர் சுற்றினால் படம் வரும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரியில் படித்தபோது நமக்கு அப்படித்தானே பழக்கம். அவுட்டோர் என்று சொல்லி அட்டையும் தண்ணீர் டப்பாவும் தூக்கிக்கொண்டு பகவத் படித்துறைக்கும் மகாமகக் குளத்துக்கும் தாராசுரத்துக்கும் போவோம். வெளியே போனால் படம், உள்ளே இருந்தால் பாடம். அந்த நினைப்பிலேயேதான் போன வருஷம் ஹம்பிக்குப் போனேன். நாலு நாள். அடுக்கி வைத்த மாதிரி பாறைகள், துங்கபத்திரையில் பரிசல், கல் மண்டபங்கள். போன் நிறையப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்து மூன்று வரைந்தேன். மூன்றிலும் உயிர் இல்லை.

ஏன் என்று ரொம்ப நாள் யோசித்தேன். போன் படத்தில் பாறையின் நிழல் கறுப்பாக விழுந்திருந்தது. நான் அந்த நிழலில்தான் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அது கறுப்பாக இல்லை என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. கீழே மண் தரையிலிருந்து ஏதோ ஒரு சூடான நிறம் பாறையின் அடிவயிற்றில் ஏறியிருந்தது. என்ன நிறம்? தெரியவில்லை. பார்க்கிற வேலையைப் போனிடம் கொடுத்துவிட்டேன், என் கண் பார்க்கவே இல்லை.

இதற்கு வழி கிடைத்தது எங்கே தெரியுமா? புடவைக் கடையில். தை மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கத் திருபுவனம் போயிருந்தோம். கடைக்காரர் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டுப் பேர் சொல்லிக்கொண்டே போனார். அரக்கு, மாந்துளிர், வாடாமல்லி, கத்திரிப்பூ, கிளிப்பச்சை, வெங்காயக் கலர், எம்.எஸ். நீலம். பெண்கள் யாரும் "அது என்ன நிறம்?" என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. பேர் சொன்னதும் எல்லோர் கண்ணிலும் ஒரே நிறம் வந்து நிற்கிறது. நாம் கல்லூரியில் கற்றது அல்ட்ரமரீன் என்ற நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, எல்லோ ஆக்கர் என்ற மண் மஞ்சள். அதெல்லாம் டியூபுக்குள் இருக்கிற நிறத்தின் பேர். மாந்துளிர் அப்படியில்லை. அதைச் சொன்னாலே செம்பு நிறமும் இளம்பச்சையும் கலந்து, வெயில் பட்டால் மினுங்குகிற ஒரு கொழுந்து ஞாபகம் வருகிறது, பார்த்த இடத்தோடு சேர்ந்து.

மயில்கழுத்துப் புடவையை விரித்தபோது, "இதில் மயில்கழுத்து நிறத்து நூல் ஒன்றுகூடக் கிடையாதும்மா. பாவு நீலம், ஊடை பச்சை" என்றார் அவர், நெடுக்கு நூலையும் குறுக்கு நூலையும் காட்டி. திருப்பினால் நீலம், மடித்தால் பச்சை. இரண்டும் கலக்கவே இல்லை, பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. கலப்பது நம் கண். இத்தனை வருஷம் பட்டு கட்டியிருக்கிறேன், செல்வி, படம் வரைகிறவள் நான், இதை ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதற்கப்புறம்தான் ஒரு சின்ன நோட்டு வாங்கினேன். படம் போட அல்ல, எழுத. கண்ணில் படுகிற நிறத்துக்கு நம் பேச்சில் ஒரு பேர் வைக்க வேண்டும், டியூப் பேர் எழுதக் கூடாது. இதுதான் நான் எனக்குப் போட்ட ஒரே கட்டளை. முதல் பக்கத்தில் இருப்பதைச் சொல்கிறேன். காந்தி மார்க்கெட்டில் சின்ன வெங்காய மூட்டைக்குப் பின்னால் வெயில் வரும்போது சருகு: பனங்கற்கண்டு. மழை விட்ட பிறகு மாடி ஓட்டில்: ஊறின பாக்கு. எதிர்வீட்டு மாடியில் காய்ந்த வேட்டியின் நிழல், சுண்ணாம்புச் சுவரில்: சொட்டு நீலத்தை முதல் அலசலில் விட்ட தண்ணீர்.

இந்தக் கடைசி வரியைப் படமாகப் போட்டேன். சூரிய வெளிச்சம் மறைந்த இடத்தில் வானத்தின் வெளிச்சம் மட்டும் விழுவதால்தான் வெள்ளைச் சுவரில் நிழல் நீலமாக இருக்கிறது என்று நமக்குப் பாடத்தில் சொன்னார்கள்தான். ஆனால் அது எந்த நீலம், எவ்வளவு நீர்த்த நீலம் என்பது அந்தப் பேர் வந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அல்ட்ரமரீனைத் தொட்டும் தொடாமலும் எடுத்து, ஓரத்தில் மட்டும் ஒரு சொட்டு பர்ன்ட் சியன்னாவைக் கலக்காமல் பக்கத்தில் விட்டேன், பாவும் ஊடையும் மாதிரி. சுவர் வெயிலில் நிற்கிற மாதிரியே வந்தது. ஹம்பி தராததை எதிர்வீட்டு வேட்டி தந்தது.

அதற்காக ஊர் போவதை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. மாசியில் சித்தன்னவாசல் போனேன். இரண்டாம் வருஷத்தில் நம்மைக் கூட்டிப்போவதாகச் சொல்லிக் கடைசியில் நடக்காமல் போனதே, அதே இடம். புதுக்கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்தேன். அறிவர் கோயில் மிகச் சின்னது, பாறையைக் குடைந்தது. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அதைப் புதுப்பித்ததை அங்கிருக்கும் கல்வெட்டு சொல்கிறது. கருவறைக்கு முன்னால் இருக்கும் மண்டபத்து விதானத்தில், ஓவியமாக, அந்தத் தாமரைக் குளம். மீன், வாத்து, எருமை, யானை, பூப் பறிக்கிற ஆட்கள். நிறைய உதிர்ந்துவிட்டது. கண் பழக அஞ்சு நிமிஷம் ஆனது.

போனை எடுக்கவில்லை. அண்ணாந்து பார்ப்பதும் குனிந்து நோட்டில் எழுதுவதுமாகக் கழுத்து வலிக்க நின்றேன். இலையின் பச்சைக்குப் பேர் வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாசி என்று எழுதி அடித்தேன். வாழையிலை என்று எழுதி அடித்தேன். கடைசியில் காயப்போட்ட வெந்தயக்கீரை என்று எழுதினேன், அது நின்றது. அந்தப் பேர் கிடைத்த நொடியில் எனக்குப் புரிந்தது, அந்தக் குளத்தில் தண்ணீருக்கென்று தனி நிறம் ஏதும் என் கண்ணில் படவில்லை. இலைகளே நெருங்கி நெருங்கி நின்று தண்ணீரைச் சொல்கின்றன. சுண்ணாம்புப் பூச்சின் மேல் மண்ணிலும் கல்லிலும் கரியிலும் எடுத்த சில நிறங்கள், அவ்வளவுதான் அதை வரைந்தவர்கள் கையில் இருந்தது. என் பெட்டியில் 24 டியூப் இருக்கிறது. திரும்பி வந்து அதில் ஆறை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அண்ணன் பேரனுக்குக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காரைக்குடி பக்கம் ஆத்தங்குடிக்கும் போனேன், தரைக்கல் செய்வதைப் பார்க்க. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, கட்டம் கட்டமாக நிறக் குழம்பை ஊற்றிச் சட்டத்தைத் தூக்குகிறார்கள். அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள். அப்புறம் நாள் கணக்கில் தண்ணீரில் ஊற வேண்டும். கண்ணாடியைக் கழற்றினால்தான் முகம் தெரியும். கரண்டியில் நிறம் எடுத்துக்கொண்டிருந்தவரிடம், "ஈரத்தில் இவ்வளவு அடர்த்தியாக இருக்கிறதே, காய்ந்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். "இப்போ ரத்தம், காய்ஞ்சா மருதாணி" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். அந்த இரண்டு சொல்லுக்காகவே அவ்வளவு தூரம் போனது தகும்.

சரி, இப்போது உன் சுவருக்கு வருகிறேன்.

கண்புரை முற்ற முற்றக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளேறி, நீல வெளிச்சத்தைத் தடுத்துவிடுகிறது. மெல்ல மெல்ல நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. அதை எடுத்துவிட்டுத் தெளிவான லென்ஸ் வைத்ததும் இத்தனை வருஷமாக வராத நீலம் ஒரேயடியாக வருகிறது. மஞ்சளேறின வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டால் திடீரென்று வெளுத்துத் தெரியுமே, அது மாதிரி. பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கும் இதே கதைதான். 1912ல் கண்புரை என்று சொல்லிவிட்டார்கள், 1923ல்தான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார், அதுவும் வலது கண் மட்டும். இடது கண்ணைத் தொடவே விடவில்லை. அதற்கப்புறம் அவருக்கு ஒரு கண்ணில் ஒரு நிறமும் இன்னொரு கண்ணில் வேறு நிறமும். நிறம் நிறமாக வாழ்ந்த மனிதருக்கு அது எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆனால் உனக்கு இது சில வாரம்தான். இடது கண்ணுக்கும் தேதி கேட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். அந்த ஆபரேஷன் ஆன பிறகு உன் பழைய மஞ்சள் உலகம் திரும்பி வராது.

அதனால்தான் கேட்கிறேன். டாக்டரிடம் கேட்டு, கொஞ்ச நேரம் வரையலாம் என்று அவர் சொன்ன பிறகு, ஒரே தாளை நடுவில் கோடு போட்டுக்கொள். வாசல் செம்பருத்தியும் பின்னால் தெரிகிற வெள்ளைச் சுவரும் போதும், வேறெதுவும் வேண்டாம். இடது கையால் வலது கண்ணை அழுத்தாமல் மறைத்துக்கொண்டு ஒரு பாதி. இன்னொரு நாள், அதே வேளையில், இடது கண்ணை மறைத்துக்கொண்டு மறுபாதி. நிறத்தைக் கலக்கும்போதும் அதே ஒற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும், மறந்துவிடாதே. மாறிப் பார்த்தால் ஒரு கண் இன்னொன்றைத் திருத்திவிடும். பத்துப் பத்து நிமிஷமாக வரை, கண் கூசினால் நிறுத்திவிடு. தொடங்கும் முன் இரண்டு சுவருக்கும் இரண்டு பேர் எழுது. பழைய நியூஸ் பேப்பர் ஏற்கெனவே வந்துவிட்டது. வலது கண் வெள்ளைக்கு இன்னும் பேர் இல்லை.

இதோடு ஒரு நோட்டும், உன் பெட்டியில் இருப்பது காய்ந்து போயிருக்கும் என்பதால் ஒரு அல்ட்ரமரீன் டியூபும் அனுப்புகிறேன். இடது கண்ணுக்குத் தேதி கிடைத்ததும் போன் செய். அது ரொம்பக் கிட்டத்தில் இருந்தால், செம்பருத்தியை விட்டுவிடு. முதலில் இடது கண்ணால் சுவரை மட்டும் வரைந்துவிடு.

உன்,
வசந்தி