அந்த ஆபீஸ் காற்சட்டையை விடு, மச்சான்

பினாங்கு,
ஞாயிறு காலை.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மகளுக்கு ஈப்போவில் வேலை கிடைத்ததைப் படித்ததும் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் சுகம். மழை வந்தால் முட்டி வலிக்கிறது, மற்றபடி குறையில்லை.

கடைசிப் பத்தியில் நீ எழுதியதுதான் மனதை விட்டுப் போகவில்லை. ஓய்வு பெற்று ஏழு மாதமாகியும் வெளியே கிளம்பினால் பழைய ஆபீஸ் காற்சட்டைதான் என்கிறாய். மகன் வாங்கித் தந்த ஜீன்ஸில் உட்காரவே முடியவில்லை, இனிமேல் நமக்கு எதற்கு இதெல்லாம் என்றும் எழுதிவிட்டாய். அப்படிச் சொல்லாதே. கோயிலுக்கு வேட்டி இருக்கிறது, வீட்டுக்குக் கைலி இருக்கிறது. பசாருக்கும் கோப்பிக் கடைக்கும் கூட்டாளிகள் வீட்டுக்கும் போக உனக்கு நல்லதாக இரண்டு காற்சட்டை வேண்டும்.

மகனைக் குறை சொல்லாதே, ஆசையாகத்தான் வாங்கியிருக்கிறான். ஆனால் ஜீன்ஸ் பாடுபடுகிறவர்களுக்காக வந்த உடை. பை கிழியாமலிருக்க அதில் செப்பு ஆணி அடித்து, அதற்கு அமெரிக்காவில் 1873-ல் காப்புரிமை வாங்கினார்கள். அந்தக் கெட்டித் துணி கோலாலம்பூர் வெயிலில் உடம்பை வேக வைக்கும், நனைந்தால் லேசில் காயாது. உனக்கு வேண்டியது சினோ காற்சட்டை. பருத்தி நூலைச் சாய்வரியாக நெய்த துணி, மெல்லியதாகப் பார்த்து வாங்கு. லேபிளில் பருத்தி 98, எலாஸ்டேன் 2 சதவீதம் என்று இருந்தால் உட்கார எழ இழுத்துக் கொடுக்கும். லினன் இன்னும் குளுமை, ஆனால் கசங்கும். கசங்கினால்தான் லினன், அதை நினைத்து வருத்தப்படாதே.

நிறத்துக்குக் காக்கியில் தொடங்கு. உன் அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக இருந்தபோது காக்கி அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் வருவார், கஞ்சி போட்டுத் தேய்த்தது கத்தி மாதிரி நிற்கும், ஞாபகம் இருக்கிறதா? 1846-ல் பிரிட்டிஷார் பெஷாவரில் தொடங்கிய கைட்ஸ் என்ற படைக்குப் புழுதி நிறத்தில் உடுப்புக் கொடுத்தார்கள். காக்கி என்றாலே பாரசீகத்தில் மண்புழுதி நிறம் என்றுதான் பொருள். அங்கிருந்து நம் தோட்டம் வரை வந்திருக்கிறது பார். இரண்டாவதாகக் கருநீலமோ கரும்பச்சையோ எடு, மழைச் சேறு தெறித்தாலும் தெரியாது.

இதைவிட முக்கியம் அளவு. நம் வயதில் பெரும்பாலோர் தொப்பைக்குக் கீழே காற்சட்டையை இறக்கி, பெல்ட்டால் இறுக்கிக் கட்டுகிறார்கள். அப்போது வயிறு முன்னால் தள்ளும், கால் குட்டையாகத் தெரியும், பின்பக்கம் தொளதொளவென்று தொங்கும். இடுப்பு உயரம் கொஞ்சம் கூடுதலாக உள்ளதை எடுத்துத் தொப்புளுக்குச் சற்றுக் கீழே நிறுத்து. முன்னால் ஒரு மடிப்பு வைத்த தையல் இருந்தால் உட்காரும்போது தொடை பிடிக்காது. நிற்கும்போது பக்கவாட்டுப் பை வாய் பிளந்தால் தொடையில் இறுக்கம் என்று அர்த்தம், அதை வாங்காதே. கடையிலேயே ஒருமுறை உட்கார்ந்து பார், வெட்கப்படாதே.

நீளம் ஷூவின் மேல் லேசாகத் தொட்டால் போதும். கணுக்காலில் துணி குவிந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் இரவல் வாங்கியது போல் தெரியும். போன வருடம் நான் புதுக் காற்சட்டையைத் துவைக்காமல் அப்படியே வெட்டித் தைக்கக் கொடுத்தேன். முதல் துவைப்பிலேயே சுருங்கி அரை அங்குலம் மேலே ஏறிவிட்டது. பருத்தியை முதலில் துவைத்துக் காயவைத்து, பிறகு தையற்காரரிடம் கொடு.

அப்புறம், பூப்போட்ட பாத்தேக் சட்டையை உள்ளே செருகாதே, அது வெளியே விட்டுப் போடுகிற சட்டை. சட்டையில் பூவும் கொடியும் இருக்கும்போது கீழே ஒரே நிறம் போதும். கறுப்பு ஆபீஸ் ஷூவுக்குப் பதிலாகப் நாடா இல்லாத பழுப்பு லோஃபர் ஷூ போடு. பர்ஸ், சாவிக்கொத்து, இரண்டு கைப்பேசி எல்லாவற்றையும் பையில் திணித்தால் நல்ல தையலும் கெட்டுப்போகும், ஒரு சின்னத் தோள்பை வைத்துக்கொள்.

அடுத்த மாதம் வருகிறேன் என்றாயே, இ.டி.எஸ் ரயிலில் பட்டர்வொர்த் வந்து ஃபெரி ஏறு, இந்தப் பக்கம் படகுத்துறையில் நான் நிற்கிறேன். லிட்டில் இந்தியா பக்கத்தில் எனக்குத் தெரிந்த தையற்காரர் ஒருவர் இருக்கிறார், அளவெடுக்க அவசரப்படமாட்டார். துவைத்த புதுக் காற்சட்டையும் போடப்போகிற ஷூவும் கையில் இருக்கட்டும். காலையிலேயே அளவு கொடுத்துவிடுவோம். நாசி கண்டார் சாப்பாடு அதற்குப் பிறகு, சாப்பிட்ட வயிற்றோடு அளவு கொடுத்தால் இடுப்பு தப்பிப்போகும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி